அறிவுசார் குறைபாடுள்ள வீரர்களுக்கு உதவப் போகிறீர்களா? செட்டிநாட்டு மைதானத்துக்கு ஒரு கையேடு

காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கம் சிறப்புப் பள்ளி மைதானங்களுக்கு உதவ வருகிறவர்கள் முதல் நாளே செய்யும் தவறு ஒன்று உண்டு. அளவுக்கு மேல் உதவுவார்கள். பந்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள், தோளைப் பிடித்துத் திருப்புவார்கள், ஷூ லேஸைக் கட்டிவிடுவார்கள். வீட்டிலும் பள்ளியிலும் ஏற்கெனவே எல்லாவற்றையும் பிறர் செய்து கொடுத்தே வளர்ந்தவர்களுக்கு மைதானத்திலும் அதே கதை. இங்கே உங்கள் வேலை கையை எப்போது கொடுப்பது, எப்போது எடுப்பது என்று தெரிந்துகொள்வது. கீழே உள்ளதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

எதில் சேருகிறீர்கள்

சிறப்பு ஒலிம்பிக்ஸ் வேறு, பாராலிம்பிக்ஸ் வேறு. பாராலிம்பிக்ஸ் தகுதி நேரம் எட்டிய உச்ச வீரர்களுக்கானது. அறிவுசார் குறைபாட்டுக்கு அங்கே டி20 என்ற பிரிவு உண்டு. 2024 பாரிஸில் 400 மீட்டரில் இந்திய வீராங்கனை தீப்தி ஜீவன்ஜி வெண்கலம் வென்றது அதில்தான். சிறப்பு ஒலிம்பிக்ஸ் எல்லாத் திறன் நிலைக்கும் இடம் கொடுப்பது. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் முன்னின்று நடத்த, 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் போட்டி நடந்தது. இந்தியாவில் இதை நடத்தும் அமைப்பு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத். போட்டியில் இறங்க வயது 8 நிரம்பியிருக்க வேண்டும், மேல் வரம்பு இல்லை. 2 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் போட்டி இல்லாத விளையாட்டுப் பயிற்சி தனியாக உண்டு. வீரரிடமோ குடும்பத்திடமோ கட்டணம் வாங்குவது இதில் கிடையாது. யாராவது கேட்டால் சந்தேகப்படுங்கள்.

செட்டிநாடு என்று நாம் ஒரே பேராகச் சொன்னாலும் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் ஒரு பக்கம், திருமயமும் பொன்னமராவதியும் மறுபக்கம். மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு எந்த மாவட்டத்தில் பெயர் கொடுப்பது என்பதை வீரர் படிக்கும் பள்ளியில் கேட்டு முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் இது குழம்பினால் வீட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

உதவச் சேர மூன்று வழி. ஒன்று, உங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளிக்கு நேரே போய்ப் பேசுவது. இரண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எந்தப் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி நடக்கிறது என்று கேட்பது. மூன்று, காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்துகொள்வது. எந்த வழியில் போனாலும் ஆதார் நகல், இரண்டு புகைப்படம், உங்களைத் தெரிந்த இருவரின் பெயர், தொலைபேசி எண் கொண்டு போங்கள். இதையெல்லாம் கேட்காமல் "வாங்க வாங்க" என்று உள்ளே விடும் இடத்தில், நீங்களாகவே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு யார் வருகிறார்கள் என்ற கணக்கு இருக்கத்தான் வேண்டும்.

வாரம் ஒரு நாள் வந்தாலும் அதே நாள், அதே நேரம் வர வேண்டும். மாதம் நான்கு நாள் மனம் போனபடி வருவதைவிட, புதன்கிழமை மாலை மட்டும் தவறாமல் வருவது மேல். வீரர்களில் பலருக்கு ஒழுங்கு மாறுவதே பெரிய தொந்தரவு. வர முடியாவிட்டால் முந்தின வாரமே வீரரிடம் நேரில் சொல்லுங்கள், ஆசிரியரிடம் மட்டும் சொன்னால் போதாது.

வாயைத் திறக்கும் முன்

அழைப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 28 வயது ஆண்மகனைப் "பாப்பா", "செல்லம்" என்று கூப்பிடக் கூடாது. அதே வயதுள்ள வேறு ஒருவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி: தம்பி, அண்ணே, அல்லது பெயர். உங்களைவிட மூத்தவரானால் "வாங்க, உட்காருங்க". வீரரின் அப்பத்தாவோ ஆத்தாவோ பக்கத்தில் இருக்கும்போது அவர்களிடம் "இவன் சாப்பிட்டானா?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். பதில் வராவிட்டால் அப்புறம் வீட்டாரைப் பாருங்கள்.

அடுத்தது ஏவல் சொல். இது சின்ன விஷயமாகத் தெரியும், பாதிப் பயிற்சி இதில்தான் நிற்கிறது.

தமிழில் எதிர்மறை கடைசியில் வரும். "ஓடாதே" என்று கத்தினால் காதில் முதலில் விழுவது "ஓடு". சொல்லைத் தாமதமாகப் பிரித்தறிகிறவருக்குக் கால் கிளம்பிவிட்ட பிறகுதான் "ஆதே" வந்து சேரும். "தொடாதே", "எறியாதே" எல்லாம் இதே வகை. செய்யக் கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: ஓடாதேக்குப் பதில் "நில்லு", தொடாதேக்குப் பதில் "கையைக் கீழ வை", கத்தாதேக்குப் பதில் "மெதுவாப் பேசு".

ஒரு செயலுக்கு ஒரே சொல். போச்சி என்ற பந்து உருட்டும் ஆட்டத்தில் (விவரம் கீழே) ஒரு டீச்சர் "எறி" என்பார், உதவ வந்தவர் "போடு" என்பார், அப்பா வேலிக்கு வெளியே நின்று "தள்ளுடா" என்பார். மூன்றும் ஒரே வேலை என்று நமக்குத் தெரியும், அவருக்கு அது மூன்று வேலை. "எறி" என்றதும் கை தோளுக்கு மேல் போகும், கல்லெறிந்து பழகிய கை அது. "உருட்டு" என்றால் கை தானாகத் தாழும். ஆகவே "உருட்டு" என்று முடிவு செய்து, அதை ஒரு அட்டையில் எழுதி வேலியில் கட்டிவிடுங்கள். உதவ வருகிறவர்கள், பெற்றோர், காவலாளி எல்லாரும் அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். இரண்டு விநாடியில் அசைவு வராததால் மறுபடி சொல்வோம், வேறு சொல்லில் சொல்வோம், கையைப் பிடித்து ஆட்டுவோம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் முதலிலிருந்து தொடங்குகிறார். பத்து எண்ணி முடிவதற்குள் பெரும்பாலும் கை அசையும்.

"புரிஞ்சுச்சா?" என்று கேட்காதீர்கள். "ஆமா" என்றுதான் பதில் வரும். எதற்கும் ஆமாம் சொல்லியே திட்டு வாங்காமல் தப்பிக்கப் பழகியவர்கள் பலர். புரிந்ததா என்று தெரிய "செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். வலி பற்றியும் அப்படியே: "வலிக்குதா?" என்பதற்குப் பதில் "எங்க வலிக்குது, தொட்டுக் காட்டுங்க".

கை கொடுப்பதும் எடுப்பதும்

நான்கு படி உண்டு. கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, செய்து காட்டுவது, சைகையால் குறிப்பது, வாயால் மட்டும் சொல்வது. மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் ஒன்றுமில்லாமல் விட வேண்டும். எங்கே தொடங்குவது என்பது ஆளைப் பொறுத்தது. கையைப் பிடிக்கும் முன் "கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். தொட்டால் துடிப்பவர்கள் உண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் நின்று நீங்களே செய்து காட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.

உருட்டுவதையே எடுத்துக்கொள்வோம். ஒரே அசைவு போல் தெரிந்தாலும் அதில் ஆறு இருக்கிறது: கோட்டுக்குப் பின்னால் நிற்பது, பந்தை உள்ளங்கை மேல் பார்க்கப் பிடிப்பது, எதிர்க்கால் ஓரடி முன் வைப்பது, முழங்கால் மடிப்பது, கையைப் பின்னால் கொண்டுபோவது, முன்னால் கொண்டுவந்து தரைக்கு அருகே விடுவது. பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது கடைசியில். பந்தை விடத் தெரியாது. விரல் இறுகிவிடும், பந்து காலடியிலேயே விழும். அதற்கு முதலில் நிற்க வைக்காதீர்கள். ஒரு முக்காலியில் உட்கார வைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லி, இரண்டடி தூரத்தில் வைத்த பிளாஸ்டிக் வாளிக்குள் உருட்டச் சொல்லுங்கள். வாளி படுத்திருக்கட்டும். வாளியில் மோதும் "டொம்" சத்தமே பரிசு. தொடர்ந்து பத்தில் எட்டு போனால் வாளியை நான்கடி, ஆறடி என்று தள்ளுங்கள். அப்புறம் எழுந்து நிற்கலாம். எட்டுக்குக் குறைந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள், அதில் வெட்கம் இல்லை.

பழகியவரிடம் உதவியை எடுக்க மறப்பதுதான் பெரிய சிக்கல். "உருட்டு" என்று ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொன்னால்தான் உருட்டுவார் என்றால், அவர் கற்றுக்கொண்டது உங்கள் குரலுக்கு அசைவதை மட்டுமே. போட்டியில் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது வெளியிலிருந்து சொல்லிக் கொடுக்க முடியாது. மூன்றாவது வாரத்திலிருந்தே நாலில் ஒரு தடவை வாய் மூடி நின்று பழகுங்கள்.

செம்மண்ணில் போச்சி களம்

போச்சி இத்தாலியிலிருந்து வந்த ஆட்டம். பெயரைக் கேட்டதும் "என்ன போச்சு?" என்று நம் பக்கம் எல்லாரும் ஒரு தடவை கேட்டுவிடுவார்கள். கோலி ஆடியவர்களுக்குப் பத்து நிமிடத்தில் புரியும். ஒரு குட்டிப் பந்தை முதலில் உருட்ட வேண்டும், அப்புறம் யார் பந்து அதற்கு மிக அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. வேகம் தேவையில்லை, உடல் பருமன் தடையில்லை, எட்டு வயதும் ஐம்பது வயதும் ஒரே களத்தில் நிற்கலாம். செலவும் குறைவு. நம் ஊர்களில் புதிதாகப் பயிற்சி தொடங்கும் பள்ளிக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

களம் 60 அடி நீளம், 12 அடி அகலம். மைதானத்தில் போடும் முறை:

முந்தின நாள் சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்குங்கள். துடைப்பத்தால் கூட்டினால் மேலோட்டமானதுதான் போகும். மண்ணில் குத்தி நிற்பதைக் குனிந்துதான் எடுக்க வேண்டும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பாருங்கள், மைதானத்தில் பந்தல் போட்ட இடமானால் ஆணி கிடக்கும்.

சரளைக் கல்லைப் பொறுக்கிவிட்டு மாலையில் எட்டுக் குடம் தண்ணீர் பரவலாகத் தெளியுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே பள்ளம் விழும். மண் கையில் ஒட்டாமல் ஈரம் மட்டும் இருக்கும் நேரத்தில் திமிசுக்கட்டையால் தட்டி விடுங்கள். காலையில் கெட்டியாக இருக்கும். அதிகத் தண்ணீர் விட்டால் பந்து சேற்றில் புதைந்து பாதியில் நிற்கும், அடுத்த வெயிலில் வெடிப்பு விடும்.

நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் மூலைமட்டம் தேவையில்லை: குறுக்கே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் இரண்டுமே 61 அடி 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் களம் சாய்ந்திருக்கிறது.

கோடு போடக் கல்மாவு போதும், வாசலில் கோலம் போடும் அதே மாவு. சுண்ணாம்பு வேண்டாம். நீறாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதிகம். ஆடிக் காற்றில் மாவு பறந்துவிடும், அப்போது கோட்டின் மேல் கை ஈரத்தைத் தெளித்து உதறுங்கள். இரண்டு முனையிலிருந்தும் 10 அடியில் ஒரு கோடு, நடுவில் 30 அடியில் ஒரு கோடு. முன் பத்தடிக் கோட்டைத் தாண்டாமல் நின்று உருட்ட வேண்டும். குட்டிப் பந்து நடுக்கோட்டைக் கடந்து எதிர்ப்பக்கப் பத்தடிக் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும். அதற்கு மூன்று வாய்ப்பு. கிடைக்காவிட்டால் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு, அதுவும் தவறினால் நடுவரே வைத்துவிடுவார்.

ஓரத்துக்குப் பலகை. கிடைக்காவிட்டால் சவுக்குக் கம்பைப் படுக்கவைத்து முளையோடு கட்டலாம், ஆனால் உருண்டைக் கம்பில் மோதும் பந்து தூக்கிப் போடும், அதனால் பயிற்சிக்கு மட்டுமே. கட்டிய கயிற்றின் நுனி வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே நீட்டினால் காலில் மாட்டும்.

பந்து நான்கு நான்காக இரண்டு நிறம், மொத்தம் எட்டு, கூடக் குட்டிப் பந்து ஒன்று. கடைக்காரர் பெரும்பாலும் சிவப்பும் பச்சையும் தருவார். வேண்டாம். நம் செம்மண்ணில் சிவப்புப் பந்து இருபதடிக்கு அப்பால் மண்ணோடு கலந்துவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண்ணும் உண்டு. மஞ்சளும் நீலமும் வாங்குங்கள், அல்லது இருப்பதை எனாமல் அடியுங்கள். செட் வாங்கும் வரை கார்க் கிரிக்கெட் பந்தில் பழகலாம். ஆனால் போட்டிப் பந்து 107 மில்லிமீட்டர் குறுக்களவும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உடையது. கார்க் பந்தில் பழகிய கை அதைத் தூக்கியதும் பாதித் தூரத்தில் நிறுத்திவிடும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பாவது உண்மையான பந்துக்கு மாறுங்கள்.

ஒற்றையரில் ஆளுக்கு நான்கு பந்து, இரட்டையரில் இரண்டு, நால்வர் அணியில் ஒன்று. ஒற்றையர், இரட்டையரில் 12 புள்ளி எட்டினால் வெற்றி, நால்வரில் 16. குறைபாடுள்ளவரும் இல்லாதவரும் ஜோடியாக ஆடும் யூனிஃபைட் ஆட்டமும் உண்டு. அதில் கல்லூரிப் பையன்களைச் சேர்க்கும்போது ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள்: ஜெயிக்கிற ஆசையில் கடைசிப் பந்தைத் தானே வாங்கி உருட்டுகிறவர் இதற்குப் பொருத்தமில்லை.

ஓட்டத்தில் இரண்டு விஷயம்

ஒன்று, கோட்டில் நின்றுவிடுவது. "கோடு வரைக்கும் ஓடு" என்றால் கோட்டுக்கு முன்பே வேகம் குறையும், சிலர் கோட்டுக்கு முன் நின்று கூட வருகிறவருக்காகக் காத்திருப்பார்கள். கோட்டுக்கு ஐந்து மீட்டர் அப்பால் ஒருவர் இரண்டு உள்ளங்கையையும் காட்டி நிற்கட்டும், "அவர் கையில தட்டு" என்பது கட்டளை. போட்டிக்கு முன் அந்த ஆளையும் மெல்ல விலக்க வேண்டும்: அவருக்குப் பதில் கொடி, பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு, துப்பாக்கிச் சத்தம். கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டினாலே காதைப் பொத்திக்கொண்டு உட்காருகிறவர்கள் உண்டு. தொடக்கத்தில் கொடி, பிறகு மரக்கட்டை இரண்டைத் தட்டுவது, அதுவும் முதலில் இருபதடி தள்ளி. நேரம் குறிப்பவர் நிறுத்துக்கடிகாரத்தைக் கொடி அசைவு பார்த்து அழுத்த வேண்டும், சத்தம் கேட்டு அழுத்தினால் தாமதமாகும்.

வெயில், கழுத்து, வலிப்பு

பயிற்சி காலை ஆறரையிலிருந்து எட்டு, அல்லது மாலை ஐந்திலிருந்து ஆறேகால். பங்குனியிலிருந்து ஆனி வரை இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தாகம் எடுக்கிறது என்று பலர் சொல்லமாட்டார்கள், சிலருக்கு அது தாகம் என்றே தெரியாது. கால் மணிக்கு ஒரு விசில், எல்லாரும் ஒரு டம்ளர் தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ குடிக்க வேண்டும். கேட்டுக் கொடுக்காதீர்கள், எல்லாருக்கும் கொடுங்கள். வலிப்புக்கு டோபிராமேட், சோனிசமைடு சாப்பிடுகிறவர்களுக்கு வேர்வை குறையும், உடல் சூடு வெளியே போகாது. அவர்கள் பெயரை நிழலில் உட்கார வைக்கும் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்புத் தளர்ந்திருக்கும். மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுக்காமல் குட்டிக்கரணம், தலைகீழ் நிற்றல், தலையால் பந்தை முட்டுதல், நீச்சல் குளத்தில் தலைகுப்புறப் பாய்தல் எதையும் செய்யவிடாதீர்கள். ஊருணியில் குதிப்பதும் இதில் சேரும். நன்றாக நடந்தவர் திடீரென்று தடுமாறினால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வலிப்பு வந்தால்: கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். சுற்றியுள்ள பந்து, கம்பு, கல்லை விலக்குங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டன், அடையாள அட்டைக் கயிறு இருந்தால் கழற்றுங்கள். கை காலைப் பிடித்து அழுத்தாதீர்கள். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தால் 108. யாராவது ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார், அவரைக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தும் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை, தானாக நிற்கும் நேரத்தில் இரும்பும் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் கூடாது.

கழிப்பறை, சோறு, போட்டோ

கழிப்பறைக்கு அழைத்துப் போவது அதே பாலினத்தவர். கதவுக்கு வெளியே இன்னொரு பெரியவரும் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். எந்த இடத்திலும் நீங்களும் ஒரு வீரரும் மட்டும் மூடிய அறையில் இருக்கும் நிலையைத் தவிருங்கள். இது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. 18 வயதுக்குட்பட்ட யாராவது தவறான தொடுதல் பற்றிச் சொன்னால் விசாரணை செய்யாதீர்கள், நம்பாததுபோல் முகம் காட்டாதீர்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டு பள்ளித் தலைமைக்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லுங்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பது குற்றம்.

பெண் வீரர்கள் இருந்தால் பெண் உதவியாளர் கட்டாயம். மாதவிடாய்ப் பட்டையும் மாற்றுடையும் முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நம் பக்கம் தர்மத்துக்குக் குறைவில்லை. பிறந்தநாள், திதி, அறுபதாம் கல்யாணம் என்று பள்ளிக்குச் சாப்பாடு போட வருவார்கள். நல்லதுதான். ஆனால் பயிற்சிக்கு முன் பிரியாணி வேண்டாம், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டம் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள், மெல்லாமல் விழுங்குகிறவர்கள் பட்டியலைச் சமையல்காரரிடம் முன்கூட்டியே கொடுங்கள். கடலை உருண்டை, முறுக்கு போன்றவை தொண்டையில் அடைக்கக்கூடியவை. வெள்ளைப் பணியாரம், இட்லி பரவாயில்லை, அதையும் பிய்த்துக் கொடுக்க வேண்டியவர் இருப்பார். வாழ்த்து வாங்க வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுப்பதைக் கனிவாகத் தடுத்துவிடுங்கள். "பந்து உருட்டும்போது எடுங்க அண்ணே, அப்படித்தான் நல்லா வரும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதற்கும் வீட்டாரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், வீரரின் சம்மதமும் வேண்டும்.

மழை நாளில்

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் ஊறிவிடும். பழைய வீட்டுப் பட்டாலையோ (கூடம்) கல்யாண மண்டபமோ கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழவென்று இருக்கும், ஈரக் காலோடு ஏறினால் வழுக்கும். வாசலிலேயே சாக்கை விரித்து ஒவ்வொருவரும் காலைத் துடைத்த பிறகே உள்ளே. சாக்ஸ் மட்டும் போட்டு நடக்கவிடாதீர்கள். பூ வேலை உள்ள கல்லின் மேல் காலை வைக்கத் தயங்கி நின்றுவிடுகிறவர்கள் இருப்பார்கள். ஆழம் மதிப்பிடச் சிரமப்படும் கண்ணுக்கு அந்தக் கோலம் குழி போலத் தெரியலாம். இழுக்காதீர்கள். ஓரத்தில் ஒரே நிறத்தில் ஓடும் கரைக்கல் இருக்குமே, அதன் மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கும் சமநிலைப் பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள். பந்து வேண்டாம், தரைக்கும் ஆகாது, தூணுக்கும் ஆகாது.

போட்டிக்குப் போகும்போது

நான்கு வீரர்களுக்கு ஒரு பொறுப்பாளர், குறையக் கூடாது. எண்ணிக்கை எடுப்பது பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு கழிப்பறை நிறுத்தத்துக்குப் பிறகு. பெயர் சொல்லி முகம் பார்த்து எண்ண வேண்டும், தலை எண்ணினால் பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணிவிடுவோம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். நெஞ்சில் தொங்கவிட்டால் ஊர் தெரியாதவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போகலாம்.

சென்னைக்குப் பல்லவன் ரயிலில் விடியற்காலை கிளம்பும்போது வழக்கமாகக் காலை எட்டு மணிக்குச் சாப்பிடும் மாத்திரை விட்டுப்போகும். போட்டி நாளில் வலிப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவும் தூக்கம் கெட்டதும்தான். மாத்திரையை வீட்டிலிருந்து கவரில் போட்டு வாங்காதீர்கள். பெயர் உள்ள அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் வாங்கி, யாருக்கு எத்தனை மணிக்கு என்று ஒரே தாளில் எழுதி, ஒரே ஆள் பொறுப்பில் விடுங்கள்.

போட்டியில் வீரர்களை ஆண் பெண், வயது, திறன் என்று பிரித்து மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக்குவார்கள். தனிநபர் போட்டியில் வயதுப் பிரிவு 8–11, 12–15, 16–21, 22–29, 30க்கு மேல். திறனை அறிய முதலில் ஓர் ஓட்டம் வைப்பார்கள். அதில் மெதுவாக ஓடச் சொல்லி இறுதியில் எளிய குழுவில் தங்கம் வாங்கலாம் என்று சில பயிற்சியாளர்களுக்கு ஆசை வரும். அதற்குத்தான் 15 விழுக்காடு விதி: முதல் ஓட்ட நேரத்தைவிட இறுதியில் அதற்கு மேல் குறையக் கூடாது. 50 மீட்டரை முதலில் 14 விநாடியில் ஓடியவர் இறுதியில் 11.9க்கும் குறைவாக ஓடினால் தகுதி இழக்கலாம். உண்மையில் முதல் ஓட்டத்தில் பயந்து நின்று தாமதமானவரும் இதில் மாட்டுவார். அதனால் அப்படி நடந்தால் இறுதிக்கு முன்பே அவருடைய பயிற்சி நேரத்தை அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சி நேரம் எழுதி வைத்திருந்தால்தான் அதைக் கொடுக்க முடியும்.

நாற்பது பக்க நோட்டு போதும். ஆளுக்கு நான்கு பக்கம். தேதி, எத்தனை தடவை, எத்தனை சரி, எந்த அளவு உதவி, எந்தச் சொல்லுக்கு அசைந்தார். "நல்லா செஞ்சான்" என்று எழுதாதீர்கள், அதில் அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. "எட்டடி, பத்தில் ஆறு, சைகை மட்டும், விரல் இறுகுகிறது" என்று எழுதுங்கள்.

திரும்பி வந்த மறுநாள் பதக்கத்தோடு பள்ளியில் எல்லாரும் கொண்டாடுவார்கள், அடுத்த வாரம் பயிற்சி பெரும்பாலும் விட்டுப்போகும். விடாதீர்கள். பந்தைக் கழுவித் துடைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள், வழக்கமான புதன்கிழமை ஐந்து மணிக்குக் கோட்டுக்குப் புது மாவு போடுங்கள். பதக்கம் வாங்காதவரும் அன்று வழக்கம்போல் வந்து கோட்டுக்குப் பின்னால் நிற்பார்.